தாத்தா விட்டுச்சென்ற ஜீப்: பழைய ஹரிகேன் பெட்ரோலா, மாற்று டீசலா?

கொட்டகையில் பல வருடம் நின்ற மகிந்திரா சி.ஜே.3பி ஜீப்பை மறுபடி கிளப்பலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், முதல் வாக்குவாதம் என்ஜினில்தான் வரும். கூடவே வந்த ஹரிகேன் பெட்ரோல் என்ஜினையே பிரித்துக் கட்டுவதா, அல்லது அதை இறக்கிவிட்டு மகிந்திரா டி.ஐ. டீசல் என்ஜினை ஏற்றுவதா? பட்டறையில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் டீசல் என்பார்கள். இந்த அலசல் பெட்ரோல் பக்கம் சாய்ந்தது. காரணம் பாசம் மட்டுமல்ல. காகிதமும் கணக்கும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஹரிகேன் லிட்டருக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் தரும், நல்ல டி.ஐ. என்ஜின் 11 முதல் 13 வரை தரும். கார்புரேட்டரின் நிலை, டயர், ஓட்டும் கை ஆகியவற்றைப் பொறுத்து இது வண்டிக்கு வண்டி மாறும். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மிச்சம் சுமார் 6,500 ரூபாய். பரம்பரை ஜீப்புகளில் பெரும்பாலானவை அந்த 1000-ஐக்கூட எட்டுவதில்லை. டீசல் மாற்றத்துக்கு ஆகும் செலவை இந்த மிச்சத்தில் எடுக்கப் பல வருடங்கள் ஆகும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் தோட்டத்து வண்டி என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முடிவைத் தீர்மானிப்பது மைலேஜ் அல்ல, ஆர்.சி. புத்தகம். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றும், கூடவே ஓர் என்ஜின் எண்ணும் அதில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் வழியாக மாற சட்டத்தில் இடம் உண்டு. பழைய பெட்ரோல் ஜீப்பில் வேறொரு வண்டியின் டீசல் என்ஜினை உட்கார வைப்பது அந்த வழியில் சேராது. ‘ஏற்றிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று பட்டறையில் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கினால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் பதிவுப் புதுப்பிப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விபத்து நடந்து இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்கும்போதும் முதலில் பார்க்கப்படுவது அந்த என்ஜின் எண்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் சென்னை மாகாணக் காலத்து எண் பலகை எவ்வளவு பெறும் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பதிவில் எடுத்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. ஆகவே எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆனால் டீசல் ஏற்றிய அன்றே அந்தக் கதவு மூடிக்கொள்ளும். விற்கும்போதும் இதே கதைதான்: என்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தும் பெட்ரோல் ஜீப்பை வாங்க வருபவர் வேறு, டீசல் மாற்றிய ஜீப்பை வாங்க வருபவர் வேறு. முன்னவர் அந்தப் பொருத்தத்துக்கென்றே கூடுதல் விலை கொடுப்பார். பின்னவர் காகிதச் சிக்கலைக் காட்டி விலையைக் குறைப்பார்.

ஆகவே ஸ்பேனரைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை காகித வேலை. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் சேர்த்து, படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் தாண்டியிருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடுத்து, சேசிஸ் எண்ணுக்கும் என்ஜின் எண்ணுக்கும் பென்சில் தேய்த்துப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹரிகேனில் அந்த எண் பிளாக்கின் முன்பக்கம், தண்ணீர் பம்பு உட்காரும் இடத்துக்கு அருகில் அடிக்கப்பட்டிருக்கும். பெயின்ட் சுரண்டும் பையன் கிரைண்டரை அங்கே வைத்தால் எண் போய்விடும். கிரீஸ் தடவி, டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

இனி ஹரிகேன். 2199 சி.சி., நான்கு சிலிண்டர், இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் எஃப்-ஹெட் அமைப்பு. இந்த உயரமான என்ஜின் உட்காருவதற்காகத்தான் 1953-இல் அசல் ஜீப்பைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான வில்லிஸ், சி.ஜே.3பி-யின் பானெட்டை உயர்த்தியது. என்ஜினும் பானெட்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை.

பல வருடம் நின்ற என்ஜினை வண்டியைத் தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ கிளப்பாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 முதல் 50 மில்லி டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி, மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு முன்பம்பர் ஓட்டை வழியாக ஹேண்டிலைப் போட்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். சுழன்றால் பழைய ஆயிலை இறக்கி, புது ஆயில் ஊற்றி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நல்ல என்ஜினில் 120 முதல் 130 பி.எஸ்.ஐ. வரும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரே சிலிண்டரில் மட்டும் குறைந்து, ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வில். ஆயில் விட்டதும் ஏறினால் ரிங்கில். வால்வு மட்டும் என்றால் முழுதாகப் பிரிக்கத் தேவையில்லை.

ஹெட்டைக் கழற்றும்போது பலர் அதை உடைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஹெட் போல்ட் வெளியே தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி, அதன் கீழுள்ள இன்டேக் பாதைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றி, ‘ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்று கம்பி வைத்து நெம்பினால் ஹெட்டில் விரிசல் விழும். திரும்பப் பூட்டும்போதும் இந்தப் போல்ட்டை மறக்கக் கூடாது. போல்ட்டை இறுக்கும் டார்க் 60 முதல் 70 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக.

சிலிண்டர் போரின், அதாவது உள்விட்டத்தின், அசல் அளவு 3.125 அங்குலம். தேய்மானத்தைப் பார்த்து 20, 30, 40 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரிய) பிஸ்டனுக்கு ரீபோர் செய்யலாம். அதற்கும் மேல் போனால் ஸ்லீவ் அடித்து ஸ்டாண்டர்டுக்கே திரும்புவது நல்லது. பிஸ்டன் செட்டைக் கையில் வாங்கிய பிறகே போர் போடச் சொல்லுங்கள். அளவைச் சொல்லி போர் போட்டுவிட்டு, அந்த சைஸ் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைவதுதான் வழக்கமாக நடப்பது. கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங், அதனால் கிரைண்டிங் நேராக இருப்பது முக்கியம். கேம் கியர் ஃபைபர் வகையாக இருந்தால் பல் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற ஃபைபர் கியர் ஓடத் தொடங்கிய பிறகு பல் கொட்டும். டேப்பட் இடைவெளி என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக்குக்கு 0.018, எக்ஸாஸ்டுக்கு 0.016 அங்குலம். எக்ஸாஸ்ட் பக்க மூடியைக் கழற்றச் சோம்பி மேலே மட்டும் சரிசெய்பவர்கள் அதிகம். இடைவெளி குறைந்த எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, பாயிண்ட் இடைவெளி 0.020, பிளக் இடைவெளி 0.030 அங்குலம், டைமிங் 5 டிகிரி முன்னால். ஃபில்டருடன் ஆயில் சுமார் 4.7 லிட்டர், மினரல் 20W-50 போதும்.

இன்றைய பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால்தான் பெட்ரோல் பக்கத்தின் உண்மையான பலவீனம், அதை மறைக்க முடியாது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறிக் கெடும். டேங்கின் உள்துருவைப் பெயர்த்து கார்புரேட்டருக்குக் கொண்டுவரும். ஈரத்தை உறிஞ்சுவதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். டேங்கைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போட்டு, பம்புக்கு முன் கண்ணாடி ஃபில்டர் வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் தொல்லை பெருமளவு அடங்கும். இரண்டு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு அணையுங்கள். ஒன்று ஆறுதல்: கம்ப்ரஷன் விகிதம் 7-ஐச் சுற்றியே இருப்பதால் விலை உயர்ந்த பெட்ரோல் எதுவும் இதற்கு வேண்டாம்.

டீசல் பக்கம் இரண்டு வகை புழங்குகின்றன. மகிந்திராவின் எம்.எம்.540 ஜீப் காலத்து பெஜோ எக்ஸ்.டி.பி. 2112 சி.சி., நன்றாகச் சுழலும். நல்ல நிலையில் கிடைப்பதும் உதிரி கிடைப்பதும் குறைந்துவிட்டது. மகிந்திராவின் டி.ஐ. 2523 சி.சி., டிராக்டர் வழி வந்த கட்டை. உதிரிக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இன்று பட்டறைகள் பரிந்துரைப்பது பெரும்பாலும் இதையே.

ஆனால் என்ஜினை மட்டும் மாற்றி நிறுத்த முடியாது. சி.ஜே.3பி-யின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். 6.00-16 டயரில் என்ஜின் 3000 ஆர்.பி.எம். சுழலும்போது டாப் கியரில் வேகம் சுமார் 76 கிலோமீட்டர். டி.ஐ. அதற்கு மேல் கத்தத்தான் செய்யும். ஹரிகேன் 4000 வரை போகக்கூடியது. இதைச் சரிசெய்ய ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்றி 4.88 கிரவுன் பினியன் போடுவார்கள். முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு நான்கு வீல் போட்டால், முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். அடுத்து என்ஜின் மவுண்ட், பெல் ஹவுசிங் அடாப்டர், பெரிய கிளட்ச், ரேடியேட்டர், பேட்டரி, சைலன்சர் வழி. எடை கூடுவதால் முன் லீஃப் பட்டை தாழும். பட்டை ஏற்றினால் சவாரி கல்லாகும். வேக்குவம் வைப்பர் உள்ள வண்டியில் அது வேலை செய்யாது, டீசலில் இன்டேக் வேக்குவம் இல்லை. இழுவையில் பெரிய ஆதாயமும் இல்லை. ஹரிகேனின் 114 அடி-பவுண்டு அந்த டீசலுக்குக் கிட்டத்தட்ட சமம். டீசல் அதைக் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே தருகிறது, அவ்வளவுதான். அதிர்வோ அதிகம்: கண்ணாடிச் சட்டம், ஃபெண்டர் வெல்டு, பழைய டி-90 கியர்பாக்ஸ் எல்லாம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்த என்ஜின் என்றாலும் டி-90 கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபருக்குள் வழிந்து, ஒன்று நிரம்பும், இன்னொன்று வற்றும். ஆயில் ஜி.எல்.-4 தரத்தில் 90 கிரேடு, ஜி.எல்.-5 பித்தளை சின்க்ரோவைத் தின்னும்.

டீசலே சரி என்ற இடங்களும் உண்டு. எஸ்டேட் சாலையில் தினமும் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. 80-களிலோ 90-களிலோ குடும்பத்திலேயே டீசல் மாற்றி, ஆர்.சி.யில் முறையாக ஏற்றிய வண்டிகளும் நிறைய. அப்படி இருந்தால் அந்த டீசலையே சீர்செய்து ஓட்டுங்கள். அசலுக்குத் திரும்புகிறேன் என்று பெட்ரோல் என்ஜினைத் தேடி ஏற்றினால் இப்போது அதுதான் அனுமதி வேண்டிய மாற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் டீசல் ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள். தண்ணீரை முழுக்க இறக்குங்கள். நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தேங்கிய சேற்றையும் கழுவி எடுங்கள். சிலிண்டருக்கு 30 மில்லி ஆயில் விட்டு பிளக்கை மூடி, இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களைக் கட்டி, மரப்பலகை மேல் ஏற்றி நனையாத இடத்தில் வையுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அசல் ரேடியேட்டர், மவுண்ட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, எண்ணின் பென்சில் பிரின்ட்டையும் அதோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராங்கை இரண்டு சுற்று கையால் திருப்பிவிட்டால் போதும், அடுத்த தலைமுறை அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்.