ஹார்ட்பார்க் வாடகைப் பாத்தி: மூன்று ஆண்டு பயிரிட்டவளின் கருத்து

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு வெண்டைக்காய் காய்க்க வைக்க முடியுமா என்று கேட்கும் சிங்கப்பூர்வாசிகளுக்காக இதை எழுதுகிறேன். முடியும். எங்கள் வீட்டுக் காரிடாரில் நாலைந்து தொட்டி வைத்துப் பார்த்தேன், வெயில் பற்றாமல் செடிகள் ஒல்லியாக நெட்டையாக வளர்ந்ததே தவிர ஒரு பூ வரவில்லை. அதற்குப் பிறகுதான் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்திக்கு விண்ணப்பித்தேன், ஹார்ட்பார்க் என்ற தோட்டக்கலைப் பூங்காவில் இடம் கிடைத்தது.

முதலில் கணக்கு. இந்தத் திட்டம் 2016-இல் ஹார்ட்பார்க்கில்தான் ஆரம்பித்தது, இப்போது தீவு முழுக்கப் பல பூங்காக்களில் இருக்கிறது. ஒரு பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். நான் எடுத்தபோது ஆண்டு வாடகை 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. மூன்று ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம், கேட்பவர்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல். மாதத்துக்கு ஐந்து வெள்ளி அளவுதான் ஆகிறது, அந்தக் காசுக்கு முழு வெயில் விழும் ஒரு துண்டு மண் இந்த ஊரில் வேறு எங்கே கிடைக்கும்! பாத்தியை உயர்த்திக் கட்டியிருப்பதால் முட்டிவலி உள்ள என் அம்மாகூட ஓரமாக ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து களை எடுத்தார்.

ஆனால் வாடகை மட்டும்தான் செலவு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் நவம்பர், டிசம்பரில் கொட்டினால் மண்ணில் உள்ள சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். நாற்று மஞ்சளாக வெளிறி நின்றபோது எனக்குக் காரணமே புரியவில்லை, பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தேன். மட்கிய உரம்தான் மருந்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போட வேண்டும். அதையும் பார்த்து வாங்குங்கள். ஒரு நர்சரியில் நான் வாங்கிய மூட்டையில் பாதிக்கு மேல் மரத்தூள், அதைப் போட்ட பிறகு இருந்த கீரையும் சுருண்டுவிட்டது.

என்ன வந்தது, என்ன வரவில்லை என்று சொல்கிறேன். வெண்டை, பச்சைமிளகாய், தண்டுக்கீரை, கங்கோங் கீரை, மஞ்சள், இவையெல்லாம் தாராளமாக வந்தன. வெந்தயக்கீரை சின்னதாக இருக்கும்போதே பறித்துவிட்டால் நல்லது. கொத்தமல்லியை மட்டும் எத்தனை முறை விதைத்தாலும் இந்தச் சூட்டில் இலை பெருகுவதற்குள் பூ விட்டுவிடும், இப்போது விட்டுவிட்டேன், தேக்கா சந்தையிலேயே வாங்கிக்கொள்கிறேன். முருங்கை, கறிவேப்பிலை ஆசையோடு யாராவது போனால் ஏமாற்றம்தான், ஒரு மீட்டர் அகலத்தில் மரத்துக்கு ஏது இடம்? நத்தைத் தொல்லை நிறைய. மழை விட்ட இரவில் டார்ச் எடுத்துப் போய்க் கையால் பொறுக்கியதைத் தவிர வேறு எதுவும் எனக்குப் பலன் தரவில்லை. தொட்டி, தட்டு, பூவாளி எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கி பரவும் ஊர் இது.

எனக்குப் பிடிக்காத விஷயமும் சொல்ல வேண்டும். பாத்திகள் அடுத்தடுத்து இருப்பதால் பக்கத்துக்காரர் உயரமாகப் பந்தல் கட்டினால் நம் செடிக்குக் காலை வெயில் போய்விடும். எனக்கு அப்படி நடந்து, பேசிச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. அப்புறம், மூன்று ஆண்டு போதாது. மண் ஒரு பதத்துக்கு வரவே ஒன்றரை ஆண்டு எடுக்கிறது, அது நன்றாகக் கொடுக்க ஆரம்பிக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது நியாயம்தான், இருந்தாலும் கடைசி நாள் பாத்தியைக் காலிசெய்தபோது எனக்கு அழுகை வந்தது.

என் பாத்திக்கு இன்னொரு பக்கம் பாத்தி வைத்திருந்த சீன ஆன்ட்டி ஒருவர் இல்லையென்றால் முதல் ஆறு மாதத்திலேயே விட்டிருப்பேன். சாய்சிம் கீரை நாற்றை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும் என்று சாண் போட்டுக் காட்டினார். என் தண்டுக்கீரையைப் பார்த்து "பாயாம், பாயாம்" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார், பூண்டு போட்டு வதக்கினால் போதும் என்றார். நான் பருப்பு போட்டுக் கூட்டாகச் செய்து ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எடுக்கலாமா என்று கேட்டால் என் பதில் தூரத்தைப் பொறுத்தது. வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர முடியுமென்றால் தயங்காமல் எடுங்கள். நான் பக்கத்திலேயே தெலுக் பிளாங்காவில் இருந்ததால் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றிவிட்டு வர முடிந்தது. தோழி ஒருத்தி தீவின் வடக்கே உள்ள ஈசூனிலிருந்து வந்துகொண்டிருந்தாள், நாற்று பிடிக்கும் முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர் வேண்டும், அவளால் முடியவில்லை, பாத்தி காய்ந்து கிடந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தூரமாக இருந்தால் உங்கள் புளோக் பக்கத்திலேயே கம்யூனிட்டி இன் புளூம் என்ற சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 2005-இல் தொடங்கிய திட்டம், குடியிருப்புகள், பள்ளிகள் என்று இப்போது ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தனிப் பாத்தி உங்களுக்கென்று இருக்குமா என்பது அந்தத் தோட்டத்துக்காரர்களைப் பொறுத்தது, ஆனால் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும். நான் இப்போது அப்படி ஒன்றில்தான் இருக்கிறேன், புதன், சனி மாலை என் முறை. இங்கே கறிவேப்பிலை மரமே இருக்கிறது.

பயிரிட வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹார்ட்பார்க் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. லாப்ரடார் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். காலை ஏழரைக்கே போனால் பாத்திக்காரர்கள் வேலையில் இருப்பார்கள், கேட்டால் சொல்லித்தருவார்கள். அங்கிருந்து அலெக்ஸாண்ட்ரா ஆர்ச் பாலம் ஏறினால் காட்டு நடைபாதை வழியே ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை போகலாம், வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.