டிங்கரிங் என்ற சொல்லுக்கு உரிய பட்டறை

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில், லாரிகளுக்குப் பாடி கட்டும் கூடங்களைத் தாண்டியதும், வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. பலகையில் கடையின் பெயர் வெயிலில் வெளுத்துவிட்டது. ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்ற இரண்டு சொற்களே படிக்கும்படி நிற்கின்றன. சென்ற மாதம் என் பழைய மாருதி 800 காரின் இடப்பக்கக் கதவை அங்கே சரிசெய்துகொண்டேன்.

கதவின் கதை கொஞ்சம் பழையது. வீட்டு வாசல் தூணில் உரசி ஒடுங்கிப்போனதை முதலில் வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். தட்டி எடுக்க வேண்டிய பள்ளத்தை அவர்கள் பட்டி என்னும் பூச்சுப் பசையால் நிரப்பி, மேலே வண்ணம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் பட்டி வெடித்து, உள்ளே துரு ஏறியது. அதன்பின் நான் கேட்ட இடங்களில் எல்லாம் கதவையே மாற்றச் சொன்னார்கள். இந்தப் பட்டறையின் மேஸ்திரி மட்டும் ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவின் மேல் நகர்த்திப் பார்த்தார். தகட்டில் ஒட்டி வந்த காந்தம் பழைய பள்ளத்தின் மேல் வந்ததும் பிடிப்பில்லாமல் கீழே விழுந்தது. “பட்டிதானுங்க இத்தனையும். சொரண்டிட்டுத் தட்டுனாத் தகடு வந்துருமுங்க. கதவு மாத்த வேண்டியதில்லீங்க” என்றார்.

அவர் சொன்னபடியே செய்ததை அரை நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள் அட்டையைக் கழற்றி, தகட்டின் பின்புறம் டாலி என்னும் இரும்புக் கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முன்புறம் சுத்தியலால் பள்ளத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாகத் தட்டி வந்தார். நடுவில் ஓங்கி அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தகடு இழுபட்டு நெளியும் என்பது அவர் சொன்ன விளக்கம். ஓரிடத்தில் முன்பே இழுபட்டிருந்த தகடு அப்பளம்போல் உப்பி நின்றது. அங்கே காசு அளவுக்குக் கேஸ் நெருப்பைக் காட்டிச் சிவக்கவைத்து, உடனே ஈரத்துணியை ஒற்றினார். தகடு சுருங்கித் தன் இடத்துக்குப் போய்விட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவி மேடு பள்ளம் பார்த்தார். கடைசியில் அவர் பூசிய பட்டி அட்டைக் கனம்கூட இல்லை.

டிங்கரிங் என்ற சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம், எங்கிருந்து வந்தது என்று நினைப்பதில்லை. ஆங்கில நாட்டில் டிங்கர் என்பவர் ஊர் ஊராகச் சென்று ஓட்டை விழுந்த கெண்டிகளையும் சட்டிகளையும் அடைத்துக் கொடுத்த தொழிலாளி. 13ஆம் நூற்றாண்டிலேயே இது குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. டின் என்ற வெள்ளீயத்தோடு அதை இணைப்பவர்கள் உண்டு. உலோகத்தைத் தட்டும்போது எழும் ‘டிங்க்’ என்ற ஓசையிலிருந்து பிறந்தது என்பவர்களும் உண்டு. முடிவான பதில் இல்லை. நான் ஓசையின் பக்கமே சாய்கிறேன். தட்டுவதால் தட்டார் என்று பொற்கொல்லருக்குப் பெயர் வைத்த மொழியில் பிறந்தவனுக்கு அதுதான் இயல்பாகப் படுகிறது.

ஈயத்தின் பக்கம் சாய்பவர்கள் மீதும் எனக்கு வருத்தமில்லை. பித்தளை அண்டாவில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்று அப்பத்தா ஈயம் பூசுகிறவரை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அவர் வந்து துருத்தி ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தேய்த்து, வெண்புகை எழும்போது ஈயக்குச்சியைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், உட்புறம் முழுவதும் கண்ணாடியாகிவிடும். இந்த வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடுவதால்தான் வாசலில் வைத்த கரியடுப்பிலேயே அந்த வேலை நடந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிற்பாடு கீழிறங்கியது. 17ஆம் நூற்றாண்டிலேயே பயனில்லாமல் எதையாவது செய்துகொண்டிருப்பது என்ற பொருள் அதற்கு வந்துவிட்டது; நாம் நோண்டுவது என்போமே, அதுதான். தமிழ்நாட்டுப் பட்டறையிலோ அது தொழிலின் பெயராகவே தங்கிவிட்டது. நம் சொந்தச் சொல்லான செப்பனிடுதலில் இருப்பது செப்பம், அதாவது நேர்மை, கோணல் இல்லாமை. நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘செப்பம் உடையவன்’ என்று வள்ளுவர் சொல்லும் அதே செப்பம்தான். கோணிய தகட்டை நேராக்குவதற்கும் பட்டியால் மறைப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை தருவதாகச் சொன்ன வண்டி சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. வண்ணம் நிழலில் பொருந்துகிறது, உச்சி வெயிலில் பார்த்தால் புதுக் கதவு ஒரு சாயல் கூடுதலாகத் தெரிகிறது. கேட்டால்தான் ரசீது எழுதித் தருகிறார்கள். கூலியும் வண்ணமும் சேர்த்து ரூ. 4,500 ஆனது, கதவு மாற்றச் சொன்ன இடத்தில் கேட்டதில் பாதிகூட இல்லை. நசுங்கிய மட்கார்டு, ஒடுங்கிய கதவு என்றால் தயங்காமல் போகலாம். அடிச்சட்டம் வளைந்த வண்டியை அவர்களே எடுப்பதில்லை, அதற்கான சாதனம் தங்களிடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அமாவாசையன்று பூசை போட்டு மதியத்தோடு அடைத்துவிடுவதால், அன்று போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.