என் டிஎஸ்எல்ஆர் கேமராவும் உள்ளரங்க விளக்குகளும்: எட்டாண்டு அனுபவம்

மகனைப் பேட்மிண்டன் பயிற்சியில் சேர்த்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் இரண்டு கேள்விகள் கேட்டார். வீட்டு விசேஷங்களுக்கும் பையன் ஆடுவதைப் படம் எடுப்பதற்கும் சேர்த்துப் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் கேமரா) ஒன்றை வாங்கலாமா என்பது முதல் கேள்வி. அப்படியானால் என்னிடம் இருப்பதையே விலைக்குத் தருவீர்களா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவதற்கு, ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியும் முன், ‘வேண்டாம்’ என்று வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

என் கேமரா 2016 தீபாவளிக்கு வாங்கியது. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார், 24 மெகாபிக்சல், வினாடிக்கு 5 படங்கள் என்று அந்தக் காலத்து நடுத்தர விலைக் கேமராக்களுக்குரிய அமைப்புதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த நிறுவனமா இந்த நிறுவனமா என்ற பழைய வழக்குக்குப் போய்விடும். நான் சொல்ல வந்த குறை பல கேமராக்களுக்குப் பொதுவானது.

குடும்பப் படங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு வாயில்லை. தங்கை மகளின் காதுகுத்தில், தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோன நேரத்தில், என்னைச் சுற்றி ஏழெட்டுக் கைபேசிகள் உயர்ந்திருந்தன. அவற்றில் பதிவானவை ஊசி குத்துவதற்கு முந்தைய அமைதியும், குத்திய பிறகான அழுகையும்தாம். குழந்தையின் கண் விரிந்து, வாய் இன்னும் திறக்காமல், வலிக்கிறதா இல்லையா என்று தானே முடிவு செய்யாத அந்த அரை நொடி என் கேமராவில் மட்டுமே இருக்கிறது. அதில் என் திறமை என்று ஒன்றும் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிவது திரையில் ஓடும் படம் அல்ல. கண்ணாடியில் பட்டு வரும் நேரடி ஒளி. கண்ணுக்குத் தெரிந்ததும் விரல் அழுத்துகிறது, அழுத்தியதும் படம் விழுகிறது. பேட்டரியும் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஒரு கல்யாணத்தை, முதல் நாள் மாலை அழைப்பிலிருந்து மறுநாள் மதியப் பந்தி வரை, தாங்கிவிடுகிறது. தூங்கும் குழந்தையைப் படம் எடுக்கப்போய்க் கண்ணாடி அடிக்கும் ‘சடக்’ சத்தத்தில் எழுப்பிவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

திறந்தவெளி விளையாட்டிலும் அது என்னை ஏமாற்றியதில்லை. திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் காலை வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதை, ஷட்டர் 1/1000 வினாடி மட்டுமே ஒளியை விடும்படி வைத்து, சாதாரண 70-300 லென்ஸைக் கொண்டே எடுத்திருக்கிறேன். காலடியில் எழும் தூசி வரை தெளிவாக விழுந்திருக்கிறது.

மகள் பேட்மிண்டன் ஆடத் தொடங்கியதும்தான் எனக்கும் கேமராவுக்கும் மனத்தாங்கல் வந்தது.

தகரக் கூரை போட்ட தனியார் உள்ளரங்கம், மாலை நேரம், மேலே வரிசையாக மெட்டல் ஹாலைடு எனும் பெரிய வாயு விளக்குகள். மகள் ஸ்மாஷ் அடிக்கக் குதிக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தேன். வரிசையாக விழுந்த 5 படங்களில் ஒன்று நல்ல வெளிச்சத்தோடு இருந்தது. அடுத்தது பழைய செய்தித்தாளைப் போலப் பழுப்பேறியிருந்தது. மூன்றாவதில் மேல்பாதி வெளுத்தும் கீழ்பாதி இருண்டும், மகளின் முகத்துக்கு ஒரு நிறமும் காலுக்கு வேறு நிறமுமாக இருந்தது. அரங்கம் அதே, விளக்கு அதே, நான் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. கண்ணால் பார்க்கும்போது வெளிச்சம் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. மிகச் சரியான நொடியில் விழுந்த படம்தான் எப்போதும் பழுப்பு என்பதுபோல எனக்குத் தோன்றியது. அது மனப்பிரமையாக இருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுப் படங்களைப் புரட்டும்போது இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

முதலில், விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் குறை சொன்னேன். தானியங்கி அமைப்பை விட்டுக் கையால் நிலைநிறுத்தினேன். பிறகு ஒளியளவைக் குறை சொன்னேன். அதையும் கையால் பூட்டினேன். படம் மாறி மாறித்தான் விழுந்தது. கடைசியில் ஷட்டர் பழுதாகியிருக்கும் என்று முடிவு கட்டிப் பழுதுபார்க்கும் இடத்தில் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்து, பழுது எதுவும் இல்லை என்று சொல்லி, பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால், ‘எங்கே எடுக்கிறீர்கள், எந்த விளக்கின் கீழ் எடுக்கிறீர்கள்’ என்று ஒருவர் கேட்டிருந்தால் இரண்டு ஆண்டு மிச்சமாகியிருக்கும் என்பதும் உண்மை.

காரணத்தைச் சொன்னவர் அந்த அரங்கத்துக்கு மின்வேலை பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். என் கேமராத் திரையில் படங்களை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, ‘எல்லா லைட்டையும் ஒரே ஃபேஸ்ல போட்டிருக்காங்க சார், அதான்’ என்றார். அவர் கேமராவைக் கையில் எடுத்தது அன்றுதான் முதல் முறையாக இருக்கும்.

அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போய் இரண்டு முறை இறங்குவதால், சோக் போட்ட பழைய டியூப் லைட்டும் மெட்டல் ஹாலைடு விளக்கும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கி ஒளிர்கின்றன. ஒரே ஃபேஸில் போட்ட விளக்குகள் எல்லாம் ஒன்றாகவே ஏறி இறங்கும். கண் இதை உணர்வதில்லை. ஷட்டரை 1/100 வினாடி திறந்துவைத்தால் ஓர் ஏற்ற இறக்கம் முழுவதும் உள்ளே அடங்கிவிடுவதால் எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் விழும். வீட்டுக் கூடத்தில் நான் வழக்கமாக 1/100 அல்லது 1/50 வினாடியில் எடுத்துவந்ததால்தான் இந்தச் சிக்கல் எனக்கு ஒருநாளும் தென்படவில்லை. கைபேசிகளும் வீட்டு விளக்கில் பெரும்பாலும் இந்த வேகங்களையே நாடுகின்றன; அதனால்தான் அவற்றில் வெளிச்சம் சீராகவும் ஆடுபவரின் கை மங்கலாகவும் இருக்கிறது.

ஸ்மாஷ் அடிக்கும் கையை 1/100 வினாடியில் நிறுத்த முடியாது. 1/1000 வினாடியாவது வேண்டும். அது அந்த ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு உச்சத்தில் மாட்டினால் நல்ல படம், பள்ளத்தில் மாட்டினால் பழுப்புப் படம். போதாக்குறைக்கு, இந்த வேகங்களில் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை. இரண்டு திரைகளுக்கு இடையிலுள்ள ஒரு கீற்று சென்சாரின் குறுக்கே நகர்ந்து போகிறது. பிளாஷ் ஒத்திசைவு வேகம் (ஷட்டர் முழுதாகத் திறக்கக்கூடிய மிக விரைவான வேகம்) 1/200 என்று இருக்கும் என் கேமராவில் அந்தக் கீற்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஏறக்குறைய அதே 1/200 வினாடி ஆகிறது. அதாவது, விளக்கு உச்சத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் அதே கால அளவு. படத்தின் ஒரு முனை உச்ச வெளிச்சத்திலும் மறு முனை பள்ளத்திலும் பதிவாக இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை வேண்டுமென்றே திட்டமிட்டாலும் அமைக்க முடியாது. மெட்டல் ஹாலைடு விளக்கில் வெளிச்சத்தோடு நிறமும் மாறுவதால், கேமரா பதப்படுத்தாத ‘ரா’ கோப்பில் எடுத்துக் கணினியில் திருத்துவதும் படத்துக்குப் படம் தனி வேலையாகிவிடுகிறது. ஒரு போட்டியில் 400 படம் எடுத்தவனுக்கு அது நடக்கிற காரியம் அல்ல.

அடுத்த ஆண்டு மகள் வேறோர் அரங்கத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். அங்கேயும் அதே வகை விளக்குகள்தாம். ஆனால் பக்கத்துப் பக்கத்து விளக்குகள் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுவதால் ஆடுகளத்தில் விழும் மொத்த வெளிச்சம் பெரிதாக அசைவதில்லை. அதே கேமரா, அதே லென்ஸ், அதே 1/1000. அழுத்திப் பிடித்தால் ஒரே நிறத்தில் வரிசையாகப் படங்கள். எனக்கு மகிழ்ச்சியை விடக் கோபமே அதிகம் வந்தது. மின்கம்பியை மாற்றிக் கொடுத்தால் தீரும் சிக்கலுக்காக இத்தனை காலம் கேமராவின் அமைப்புப் பட்டியல்களுக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறேன்.

ஆனால் கேமராவை முழுதாக விடுவிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. விளக்கின் அலைவைத் தானே கணித்து, உச்சத்துக்கு வரும் நொடி வரை காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதியை 2014ல் வந்த கேனன் 7டி மார்க் 2 கொண்டிருந்தது. 2016ல் வந்த கேனன் 80டி, நிக்கான் டி500, 2017ல் வந்த நிக்கான் டி7500 ஆகியவற்றிலும் அது உண்டு. காத்திருப்பதால் தொடர்பட வேகம் சற்றுக் குறையலாம். அது பெரிய இழப்பல்ல. நான் வாங்கும்போது கடையில் மெகாபிக்சலைக் கேட்டேன், வைஃபை உண்டா என்று கேட்டேன், பையும் மெமரி கார்டும் இலவசமா என்று கூடக் கேட்டேன். இந்த ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. என்னுடையதில் அது இல்லை. காணொளிக்கு மட்டும், மின்சாரச் சுற்றுக்கேற்ப 50, 60 என்று ஒரு அலைவுக் குறைப்பு அமைப்பு இருக்கிறது. நிழற்படத்துக்கு அது உதவாது என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

லென்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளரங்கத்தில் கேமராவை விட அதுதான் முக்கியம். 70-300 லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப்/5.6 வரைதான் திறக்கிறது (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 1/1000 வினாடிக்கு முன்னது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 25,600 கேட்கும் அதே அரங்கில் பின்னது 2,500 அளவோடு நின்றுவிடும். பேட்மிண்டன் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர்தான், கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தால் ஏபிஎஸ்-சி கேமராவில் 85 மி.மீ. தாராளமாகப் போதும். எதிர்ப்பக்க ஆட்டக்காரர் சற்றுச் சிறியதாகத் தெரிவார், வெட்டிக்கொள்ளலாம். 70-200 எஃப்/2.8 லென்ஸுக்குக் கனவு காண்பவர்கள் அதை ஒரு மணி நேரம் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கனவைத் தொடரலாம். அதே 85 லென்ஸில்தான் என் மாமனாரின் சதாபிஷேகப் படங்களையும் எடுத்தேன். ஓமப் புகைக்கு நடுவே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஷட்டர் உண்மையாகவே போய்விட்டது. புதிது மாற்ற 11,000 ரூபாய் ஆனது. அந்தப் பணத்துக்கு மேல் இன்னும் சிறிது போட்டால் லென்ஸ் இல்லாத பழைய 80டி உடல் ஒன்றே கிடைக்கும் என்று கடைக்காரரே சொன்னார். கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. நான் ஷட்டரை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி நண்பரின் முதல் கேள்வி. கேனன் நிறுவனத்தின் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 என்று இரண்டு பெரிய நிறுவனங்களின் உச்சநிலை டிஎஸ்எல்ஆர்களும் 2020ல் வந்தவை. அதன் பிறகு இரு நிறுவனங்களின் கவனமும் கண்ணாடியில்லாத கேமராக்களுக்குப் போய்விட்டது. அதனால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பழைய சந்தையில் இன்று கைக்கு எட்டும் விலையில் கிடக்கின்றன. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வேண்டுமென்றால் கண்ணாடியில்லாத கேமராவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவற்றின் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை நம்பி இந்த விளக்குகளின் கீழ் போகக் கூடாது. பல கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிக்க எடுக்கும் நேரம் இயந்திர ஷட்டரை விட அதிகம் என்பதால், படத்தில் ஒரு பட்டைக்குப் பதில் பல பட்டைகள் விழும்.

ஆகவே வாங்கலாம். 80டி, டி7500, டி500, 7டி மார்க் 2 ஆகிய நான்கில் நல்ல நிலையில் எது கிடைத்தாலும் சரி. கையிருப்பில் பாதியைக் கேமராவுக்கும் பாதியை 85 லென்ஸுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பணம் கொடுப்பதற்கு முன், கேமராவை மாலை 7 மணிக்குப் பையன் ஆடும் அரங்கத்துக்கே எடுத்துப்போய், ஒளியளவையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டி, 1/1000 வினாடியில், ஆள் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்த்து 20 படங்கள் தொடர்ந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிழற்படத்துக்கான அலைவுக் குறைப்பை நிறுத்தி ஒரு முறை, இயக்கி ஒரு முறை. இரண்டாம் முறை 20 சுவர்களும் ஒரே நிறத்தில் இருந்தால் வாங்கிவிடலாம். முதல் முறையும் ஒரே நிறத்தில் இருந்தால், அந்த அரங்கத்தின் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டு, எந்தக் கேமராவையும் வாங்கலாம்.

எந்தக் கேமராவையும் என்றால் என்னுடையதையும் சேர்த்துத்தானே என்று நண்பர் விடாமல் கேட்டார். வினாடிக்கு 5 படம் மட்டும் எடுக்கும், வசதி குறைந்த, பாதி விளக்குகளுக்குக் கீழே உதவாத கேமராவுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றேன். சோதனை செய்து பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப்போகலாம். திங்கட்கிழமை காலை திரும்பி வந்துவிட வேண்டும்.