ஆயில் டிரெயின் வால்வு: பல ஆயில் மாற்றங்களுக்குப் பிறகு தெரிந்தது

என்ஜின் ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் திருகான டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நெம்புகோலைத் திருப்பித் திறக்கும் வால்வு போட்டால் ஸ்பேனரே வேண்டாம், கையில் ஒரு சொட்டு ஆயில் படாது என்பார்கள். பாதி உண்மை. ஃபில்டரைக் கழற்றும்போது எப்படியும் கை நனையும்.

முதலில் பார்க்க வேண்டியது மரை. எம்12×1.25, எம்12×1.5, எம்14×1.5 ஆகியவை அதிகம் புழங்கும் அளவுகள்; முதல் எண் மரையின் விட்டம், அடுத்தது மரைகளுக்கு இடையேயான தூரம், இரண்டும் மி.மீ.யில். எம்12-இல் 1.25-ம் 1.5-ம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தவறானதைப் போட்டால் ஓரிரு சுற்று போய் இறுகும். அங்கே ஸ்பேனரைப் பிடித்தால் அலுமினிய சம்ப்பின் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை போச்சு. நான்கைந்து சுற்றாவது வெறுங்கையால் போக வேண்டும். பிளாஸ்டிக் சம்ப் உள்ள வண்டிகளில் வால்வு பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. பக்கவாட்டில் இருந்தால் வால்வு பத்திரம். நேர் கீழே பார்த்தால் அது சம்ப்பின் அடிமட்டத்தைத் தாண்டித் தொங்கும். ஒரு கல், ஒரு உயரமான வேகத்தடை போதும். ஹோஸ் மாட்டும் மூக்குள்ள வகை இன்னும் நீளம். அடியில் கவசத் தகடு இல்லாத வண்டிக்கு அது வேண்டாம்.

பலரும் கவனிக்காதது, உள்ளே தங்கும் ஆயில். வால்வின் மரை சம்ப்பின் தரைக்கு மேல் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 30 செ.மீ.க்கு 25 செ.மீ. தட்டையான தரையில் அது 150 மி.லி. பழைய ஆயில். அடியில் படியும் கசடும் அதோடு தங்கும். பழைய பிளக்கின் மரை நீளத்தையும் வால்வின் மரை நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

வடிய நேரமும் பிடிக்கும். எம்14 துளையின் உள்விட்டம் சுமார் 12.5 மி.மீ.; வால்வின் வழி 7 மி.மீ. என்றால் பரப்பு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என்ஜினைச் சூடாக்காமல் திறந்தால் நூல்போல இழுத்துக்கொண்டிருக்கும்.

கசிவு? வால்வுக்குள் வழியைத் திறந்து மூடும் குண்டு வழியாகக் கசிவது அபூர்வம். கசிந்தால் வாஷரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நசுங்கும் அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். செம்பு வாஷரைச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகும், ஆனால் புதிதே வாங்கிவிடலாம். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதுதான் மரையைக் கொல்கிறது. எம்14 எஃகு பிளக்குக்குப் பல வண்டிகளில் 40 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பித்தளை வால்வுக்கு அதைவிடக் குறைவு, அதன் தாளில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

வால்வை மூடியதும் நெம்புகோல் உட்காரும் பள்ளத்தில் சேறு காய்ந்தால் அது முழுதாகப் பதியாது. மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பாதுகாப்புக் கிளிப்பையும் மாட்டுங்கள்.

காந்த பிளக் வைத்திருந்தவர்கள் வால்வுக்கு மாறினால், என்ஜினின் தேய்மானத்தைக் காட்டும் அடையாளத்தை இழப்பார்கள். காந்த நுனியில் சாம்பல்நிறக் களிம்பு இருந்தால் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில் இருந்தால் என்ஜினைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம். அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, அது வேறு.

அடிக்கடி ஆயில் மாற்றும் ஜெனரேட்டர், வேலை வண்டி, அல்லது சோதனைக்கு ஆயில் மாதிரி எடுக்க வேண்டிய என்ஜின் என்றால் வால்வு வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் காருக்கு ஒரு காந்த பிளக்கும் நாலைந்து வாஷரும் போதும்.