பழைய கேம் போர்ட் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்: நல்ல ஐசியைக் கழற்றிவிட்டுப் போலியைப் பூட்டி அனுப்பினார்

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். பழைய ஆர்கேட் மெஷின் (கேம் கடைகளில் நின்று விளையாடும் பெரிய வீடியோ கேம் பெட்டி) வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒருவருக்கு நடந்தது மற்றவர் காதுக்கு எட்டாது என்ற துணிவில்தான் சிலர் தொழில் செய்கிறார்கள். எட்ட வேண்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே போடவில்லை.

உப்புவெளியில் என் சித்தப்பா சிறிய கெஸ்ட் ஹவுஸ் ஒன்று நடத்துகிறார். முன் விறாந்தையில் ஒரு மெஷின் நிற்கிறது. உள்ளே இருப்பது கேப்கொம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் ஒரிஜினல் போர்ட், அதாவது கேமை ஓட்டும் மின்சுற்றுப் பலகை. கொழும்பில் ஒரு கேம் கடை மூடப்பட்டபோது விலை பேசி வாங்கி லொறியில் ஏற்றி வந்தது. தங்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளும் விளையாடுவார்கள், பக்கத்து வாடிப் பெடியன்களும் விளையாடுவார்கள். காப்பி போர்டுகள் ஊரெல்லாம் சுற்றிய கேம் இது. அதில் ஒரிஜினல் ஒன்று நம்மிடம் இருப்பதை நான் பெரிதாகத்தான் நினைக்கிறேன்.

அதில் பின்னணி இசை மட்டும் நின்றுபோனது. அடிக்கிற சத்தம் வருகிறது, “ஹடூக்கன்” என்று கத்துகிற குரலும் தெளிவாகக் கேட்கிறது, இசை இல்லை. இந்தப் போர்டில் குரலும் அடிச் சத்தமும் ஓகி 6295 என்ற ஐசியிலிருந்து (கால்கள் உள்ள கறுப்புச் சில்லு) வருகின்றன. இசையை உருவாக்குவது யமஹா ஒய்எம்2151. அது எண்களாக வெளியே தருவதை ஒய்எம்3012 என்ற 16 கால் ஐசி ஒலி அலையாக மாற்றிக் கொடுக்கும். பிறகுதான் இரண்டும் கலந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும். ஆக, குரல் கேட்கிறதென்றால் ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர், ஒலிப் பக்கத்தை நடத்தும் இசட்80 ப்ராசஸர் எல்லாம் சுகம். பிழை 2151இல் இருக்கலாம், 3012இல் இருக்கலாம், அதற்கடுத்த சின்னப் பாகங்களில் இருக்கலாம். எது என்று அறிய, மின் துடிப்பைத் திரையில் காட்டும் ஒஸிலோஸ்கோப் வேண்டும். அப்போது என்னிடம் அது இல்லை.

ஃபேஸ்புக்கில் தேடியபோது கொழும்பில் ஒருவர் பழைய கேம் போர்ட் திருத்துவதாகப் போட்டிருந்தார். எடுத்துக் கதைத்தேன். அறிகுறியைச் சொல்லி முடிக்க முதலே, “தம்பி, அது மெயின் சவுண்ட் ஐசி போயிட்டுது. ஒரிஜினல் யமஹா என்னட்ட புதுசா இருக்கு, போட்டுத் தாறன்” என்றார். 28,000 ரூபாய், பாதி முற்பணம். அனுப்பும் முன் போர்டின் மூன்று தட்டுகளையும் பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு ஐசியின் எழுத்தும் வாசிக்கக்கூடியதாகப் படம் எடுத்து வைத்தேன். இன்று கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் படங்கள்தான்.

சில நாளில் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கேம் ஓடுகிறது, இசை முழங்குகிறது. மிச்சக் காசை அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். பார்சல் வந்து பூட்டிப் பார்த்தால் பழையபடி குரல் மட்டும்தான். கேட்டதற்கு, “பஸ்ஸில அடிபட்டிருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்லை” என்றார்.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் தெரிகிற எட்ஜ் கனெக்டரின் (போர்டை மெஷினோடு பூட்டும் ஓரம்) செப்பு விரல்கள் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் போர்டில் ஓரத்து விரல்கள் இரண்டில் உப்புக்காற்று பிடித்த பச்சைக் கறை, எவ்வளவு துடைத்தும் போகாதது. வீடியோவில் ஓடியது வேறு ஒருவருடைய போர்ட்.

பிறகு ஐசியைப் பார்த்தேன். எங்கள் பழைய 2151இல் திகதிக் குறி 9038, அதாவது 1990ஆம் ஆண்டின் 38ஆம் கிழமை. இப்போது பூட்டியிருப்பதில் 1714. 2017இல் யமஹா இந்த ஐசியைச் செய்துகொண்டிருக்கவில்லை. 1984இல் அட்டாரியின் மார்பிள் மேட்னஸ் கேம் வந்த காலத்தில் ஆர்கேடுக்கு வந்த ஐசி இது. மேற்பரப்பைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிந்தன, உப்புத்தாள் போட்டு உரைத்த அடையாளம். முதலாம் காலைக் காட்டும் குழி பாதி கறுப்புப் பூச்சால் நிரம்பியிருந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒருதரம் இழுத்தேன், பஞ்சு கறுத்தது. வெள்ளை எழுத்து கொஞ்சம் அழிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நல்ல ஐசியிலும் மை போகலாம். பஞ்சில் கறுப்பு ஏறினால் அது பூசிய ஐசி. கீழே உரைத்து அழித்த பழைய எழுத்தின் நிழலும் தெரிந்தது, ஆனால் என்ன ஐசி என்று வாசிக்க முடியவில்லை.

கழற்றிய விதம்தான் எனக்கு அதைவிட நோகிறது. ஐசியைச் சுற்றிப் போர்ட் பழுப்பாகக் கருகியிருக்கிறது. மூன்று இடத்தில் செப்பு வளையமே பிய்ந்து வந்து, அதன் மேல் தடித்த வயரை இழுத்து ஒட்டியிருக்கிறார். ஈயம் பிடிக்கப் போடும் பிசினான ஃப்ளக்ஸைத் துடைக்கவும் இல்லை. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு அந்தப் பிசின் கிடந்து அரிக்கத் தொடங்கிவிடும். உண்மையிலேயே செத்த ஐசியை எடுக்கும் ஒழுங்கான முறை வேறு: கால்களை உடம்போடு ஒட்ட வெட்டி, ஒவ்வொரு காலையும் தனித்தனியே சூடாக்கி எடுத்து, துளையை ஈய பம்பால் துப்புரவாக்கி, சொக்கெட் போட்டு அதில் புது ஐசியை வைப்பது. போர்டுக்குச் சேதம் வராது. இந்த ஆள் கால்களை வெட்டவில்லை, முழுதாகவே கழற்றியிருக்கிறார். ஐசி தனக்கு வேண்டும் என்பதற்காகத்தான் என்பது என் முடிவு.

அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் ஒஸிலோஸ்கோப்பையும், செத்த போர்டிலிருந்து எடுத்துச் சோதித்த 2151 ஒன்றையும் கொண்டுவந்தார். கொழும்புக்காரர் போட்ட ஐசியின் வெளியீட்டுக் காலில் அசைவே இல்லை. நண்பரின் ஐசியை வைத்ததும் அங்கே துடிப்பு வந்தது, ஆனால் ஸ்பீக்கரில் அப்போதும் இசை இல்லை. 3012ஐ மாற்றினோம், இசை வந்தது. முதலில் இருந்தே செத்திருந்தது அந்தச் சின்ன ஐசி. எங்கள் 2151 நல்லாக இருந்த ஐசி என்றுதான் நாங்கள் இருவரும் நம்புகிறோம். நல்லதை எடுத்து, உயிரில்லாத ஒன்றைப் போட்டு, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்.

படங்களை அனுப்பி, “அண்ணா, எங்கட பழைய ஐசியையாவது திருப்பி அனுப்புங்கோ” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “செத்த ஐசியை யார் தம்பி வச்சிருக்கிறது, எறிஞ்சிட்டன்” என்றார். அடுத்த நாள் என்னை பிளொக் பண்ணிவிட்டார். சித்தப்பா, “விடு மகன், போனது போகட்டும்” என்கிறார். நான் விடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வங்கிக்குக் காசு போட்ட பற்றுச்சீட்டு, வீடியோ, முன் பின் படங்கள் எல்லாம் இணைத்தேன். இவர்களின் துரித இலக்கம் 1977.

இனிக் கொடுக்க இருப்பவர்களுக்குச் சில விஷயம். யாராவது ஐசி செத்தது என்று சொல்ல முதல், போர்டின் மேலேயே 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளவுங்கள். பவர் சப்ளையில் அளந்தால் போதாது. போர்டில் நிறைய இருக்கும் 74எல்எஸ் வகைச் சின்ன ஐசிகளுக்கு 4.75 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கடலோரத்தில் இருக்கிற நமக்கு ஜாமா கனெக்டர் (போர்டின் ஓரத்தில் மெஷின் வயர்கள் வந்து பூட்டும் இடம்) கறள் பிடித்து அந்த இடத்திலேயே வோல்ட் இறங்கிவிடும். கனெக்டரைத் துப்புரவாக்கினாலே பாதி வருத்தம் போன போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். திருத்துபவர் எதைக் கழற்றினாலும் அது உங்களுக்குத் திரும்ப வரவேண்டும் என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்த வீடியோவில் உங்கள் போர்டின் ஏதாவது ஒரு அடையாளத்தைக் கிட்டக் காட்டச் சொல்லுங்கள்.

கேப்கொமின் 1993இல் வந்த அடுத்த தலைமுறையான சிபிஎஸ்-2 போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அதில் கேம் காப்பி பண்ண முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, அந்தப் பூட்டைத் திறக்கும் குறியீடு பற்றரியில்தான் உயிரோடு நிற்கிறது. விளங்காத ஒருவர் பற்றரியைக் கழற்றினால் கேம் எழும்பாது.

பாகம் வாங்கும்போதும் இதே கள்ளம்தான். ஒன்லைனில் வரிசையாக அடுக்கிய பளபளக்கும் ‘புத்தம் புது’ 2151களின் படத்தை நம்பாதீர்கள். நிறுத்திப் பல வருடமான ஐசி அது. பழைய போர்டிலிருந்து எடுத்துச் சோதித்தது என்று ஒளிக்காமல் சொல்லி விற்பவரிடமே நான் வாங்குவேன். ஸைலொக் நிறுவனமும் இசட்80இன் கடைசி ஓடர்களை 2024 ஜூனோடு முடித்துவிட்டது, அதிலும் இனிப் பார்த்து வாங்க வேண்டும். 74எல்எஸ் ஐசிகளை டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இன்னும் செய்கிறது. அவற்றுக்குப் பழைய சரக்குத் தேடி அலையத் தேவையே இல்லை, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் புதிதாகவே எடுக்கலாம்.

நண்பரின் 2151ஐ நான் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் எங்களுக்கு ஒன்று தேவை. எங்கள் ஒரிஜினலின் அடையாளம் இதுதான்: திகதிக் குறி 9038, முதலாம் காலுக்குப் பக்கத்து மூலையில் அரிசி அளவு உடைவு. அப்படியொன்று எங்காவது விற்பனைக்கு வந்ததைக் கண்டால் வாங்க வேண்டாம், விற்பவர் யார் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். படங்களை முறைப்பாட்டோடு சேர்த்துக்கொள்கிறேன்.