பக்கத்து டவரை அடக்க எது நல்லது: தள்ளி வைப்பதா, இன்சுலேட்டரா, தொங்கு கம்பியா?

காரைக்குடிப் பக்கம் மனைகள் நீளம், இந்தத் தெருவில் முகப்பு என்றால் அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும், அதனால் என் ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்கு வானொலி) டவரும் போட்டு, 80 மீட்டர் பேண்டுக்கு (ஏறக்குறைய 80 மீட்டர் அலைநீளம்) பக்கத்திலேயே ஒரு வெர்ட்டிக்கலும், அதாவது செங்குத்து ஆண்டெனாவும், தாராளமாக நிறுத்தலாம் என்று நினைத்தேன். எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆண்டெனா பவரை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற அளவு, அருமையாக இருந்தது. ஆனால் ஒரு திசையில் மட்டும் என் சிக்னல் போகவே இல்லை.

காரணம் 50 அடி டவர். 3.6 மெகாஹெர்ட்ஸில் (80 மீட்டர் பேண்டுக்குள்) கால் அலை ஏறக்குறைய 21 மீட்டர்; அடியில் எர்த் செய்த கம்பம் அந்த உயரத்தை நெருங்கினால் தானே ஓர் ஆண்டெனா ஆகிவிடும். டவர் 15 மீட்டர்தான், ஆனாலும் உச்சியில் யாகி (பல குழாய்கள் கொண்ட திசை ஆண்டெனா) உட்கார்ந்திருப்பதால் மின்சாரக் கணக்கில் அதன் உயரம் கூடிவிடுகிறது, அடியில் எர்த்தும் இருக்கிறது. வெர்ட்டிக்கலிடமிருந்து வாங்கிய அலையை அதுவே திருப்பி வீசும், அது ஒரு திசையில் என் சிக்னலை அழித்துவிடுகிறது.

தள்ளி வை என்பார்கள். 40 மீட்டர் பேண்டுக்குச் சரி. 80-இல் அரை அலையே 40 மீட்டர், அத்தனை தூரம் தள்ளினாலும் டவர் முழுசாக விடாது, கேபிள் செலவு வேறு.

டவர் அடியில் இன்சுலேட்டர் வைப்பது ஒலிபரப்பு நிலையங்களில் வழக்கம். வீட்டில் நான் செய்ய மாட்டேன். யாகிக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளும், அதைத் திருப்பும் ரோட்டர் மோட்டாரின் கேபிளும் அதே டவர் வழியாகத்தான் இறங்குகின்றன, வைத்த இன்சுலேட்டரைத் தாண்டி அவையே மின்னோட்டத்தைக் கொண்டுபோய்விடும். ஐப்பசி இடி மின்னலில் எர்த் இல்லாத டவரை நினைத்தால் தூக்கம் வராது.

டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் போட்டுத் துண்டு துண்டாக்குவது எப்படியும் தேவை, ஆனால் அது கம்பிகளைத்தான் அடக்கும், டவரை அல்ல.

என் ஓட்டு தொங்கு கம்பிக்கு. யாகிக்குக் கீழே டவரில் ஒரு கம்பியைக் கட்டி, பிவிசி கைகளில் ஒன்றரை அடி விலக்கி இறக்கி, கீழ் முனையை ஒரு மாறும் கண்டன்சர் வழியாக டவர் அடியில் சேர்க்க வேண்டும். வெர்ட்டிக்கலில் குறைந்த பவரில் அனுப்பிக்கொண்டே கண்டன்சரைத் திருப்பினால், ஓர் இடத்தில் கம்பியின் மின்னோட்டம் உச்சத்துக்கு வரும், அங்கே நிறுத்திவிடலாம். அப்போது கம்பியிலும் டவரிலும் ஓட்டம் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழிக்கும், எர்த்தும் அப்படியே இருக்கும். பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டன்சர் 100 வாட்டுக்கு எனக்குப் போதுமாக இருந்தது. பவர் கூடினால் தகடுகளுக்கு நடுவே பொறி பறக்கும், அகல இடைவெளி உள்ளது வேண்டும். மழை படாத பெட்டியில் வையுங்கள், எறும்பு புகாமலும் பாருங்கள்.

செம்புக் கம்பியைத் துத்தநாகம் பூசிய டவரில் நேரடியாகக் கட்டாதீர்கள், மழை ஈரத்தில் பூச்சை அது தின்றுவிடும். அரிப்பை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) நம் ஊரில்தானே இருக்கிறது! நடுவில் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போதும்.

குறை ஒன்று உண்டு: ஒரு கம்பி ஒரு பேண்டுக்குத்தான். உச்சியில் யாகியை மாற்றினாலும் கண்டன்சரைத் திரும்ப ட்யூன் செய்ய வேண்டும்.