ஏழு எழுத்துச் சிலேடை: பதிவெண் விளையாட்டில் எந்த ஊர் முறை மேல்?

மென்பொருள் எழுதுபவர்களிடையே பல ஆண்டுகளாகக் கைமாறி வரும் ஒரு புகைப்படம் உண்டு. ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், முதுகு உருண்டு, வண்டு ஒன்று குந்தியிருப்பதைப் போல நிற்கிறது. அதன் நம்பர் பிளேட்டில் நம்பரே இல்லை. எஃப், ஈ, ஏ, டி, யு, ஆர், ஈ என்று ஏழு எழுத்துகள் மட்டும். சேர்த்துப் படித்தால் ‘ஃபீச்சர்’.

பீட்டில் காரை அமெரிக்காவில் செல்லமாக ‘பக்’ என்பார்கள், பூச்சி என்ற பொருளில். மென்பொருளில் வரும் பிழைக்கும் அதே பெயர்தான். பிழையைக் காட்டிக் கேட்கும் வாடிக்கையாளரிடம் ‘இது பக் இல்லை, ஃபீச்சர்’, அதாவது பிழையில்லை, வேண்டுமென்றே வைத்த வசதி, என்று சமாளிப்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வசனம். அந்த வசனத்தின் முதல் பாதியைக் கார் சொல்கிறது, மறுபாதியைப் பிளேட் சொல்கிறது. இதே பிளேட்டைக் கழற்றி ஒரு டொயோட்டா கேம்ரியில் மாட்டினால் அது வெறும் ஒரு சொல்.

எனக்கு இதுதான் உரைகல். காரை மாற்றிப் பார்க்க வேண்டும். கார் மாறியதும் பொருள் செத்துவிட்டால் அது நல்ல பதிவெண். எந்தக் காரில் மாட்டினாலும் அதேதான் என்றால், அது பெயர்ப்பலகையாக இருக்கலாம், செல்வத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், ஆனால் சிலேடை ஆகாது. விரும்பிய பதிவெண்ணைப் பெறப் பல ஊர்களில் பல வழிகள் இருக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், துபாய், இந்தியா ஆகிய நான்கையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்.

அமெரிக்கா: ஏழு கட்டங்கள்

கலிபோர்னியாவில் 1970 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. இதற்கென்று வாங்கும் கூடுதல் பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போவதால், அரசு ஏட்டில் இதன் பெயரே ‘சுற்றுச்சூழல் பிளேட்’. முதல் முறை சுமார் 50 டாலர், பிறகு ஆண்டுதோறும் அதைவிடச் சற்றுக் குறைவு. காருக்கு இரண்டு முதல் ஏழு எழுத்துகள் வரை. விண்ணப்பத்தில் மூன்று விருப்பங்களை எழுதலாம், ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்கும் இடம் இருக்கும். குழந்தைகள் நலனுக்கான பிளேட்டை எடுத்தால் இதயம், நட்சத்திரம், கை, கூட்டல் குறி ஆகியவற்றில் ஒன்றை எழுத்துகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம்.

ஏழு என்பது வசதியான எண்ணாகத் தோன்றும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் அதன் நெருக்கடி புரிகிறது. செந்தில், கார்த்திக், முருகன், லட்சுமி ஆகிய நான்கு பெயர்களும் ஆங்கிலத்தில் மிகச் சரியாக ஏழு எழுத்துகள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ‘வணக்கம்’ எட்டு. ஒரு ‘கே’யை விட்டால்தான் இடம் கிடைக்கும், விட்டால் ஒற்று விழுந்து ‘வணகம்’ ஆகிவிடும். அந்த ஒற்று விழுவதை என்னால் தாங்க முடியாது. ‘தமிழ்’ என்பதை ழகரத்துக்கு உரிய இசட், எச் இரண்டையும் போட்டு எழுதினாலும் ஆறுதான், ஓர் இடம் மிச்சம். சுருக்கமான மொழி என்று நாம் பெருமைப்படும் தமிழ், ரோமன் எழுத்தில் இப்படி ஒரு சொல்லுக்கு இடம் போதாமலும் இன்னொரு சொல்லுக்கு இடம் மிஞ்சியும் நிற்கிறது.

இந்த நெருக்கடியில்தான் திறமை பிறக்கிறது. 4 என்பதை ‘ஃபார்’ என்றும் 8 என்பதை ‘ஏட்’ என்றும் ஒலிக்க வைப்பது பழைய உத்தி. அதைவிட நுணுக்கமானது கண்ணாடி உத்தி. ஏ, எச், எம், டபிள்யூ போன்ற எழுத்துகள் கண்ணாடியில் மாறாமல் தெரியும், 3 திரும்பி ஈ ஆகும். முன்பக்கப் பிளேட்டில் இப்படி ஒரு சொல்லை எழுதினால், முன்னால் போகும் ஓட்டுநரின் பின்பார்வைக் கண்ணாடியில்தான் அது விரியும். நம் மாலைமாற்றுப் பாடலைத் திருப்பிப் படிக்கும் மகிழ்ச்சியின் உறவுக்கார மகிழ்ச்சி இது.

1985-இல் வந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ என்ற காலப்பயணப் படத்தின் டெலோரியன் காரை நினைவிருக்கிறதா? அதன் பிளேட்டில் ‘அவுட் எ டைம்’, அதாவது நேரம் தீர்ந்தது, என்று எழுதியிருக்கும். கார், கதை, சொல் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய அருமையான இணை. ஆனால் எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்துகள் வரும். படத்தில் இருப்பது கலிபோர்னியா பிளேட். கலிபோர்னியாவில் டெலோரியன் வைத்திருப்பவர் அதை அப்படியே கேட்டால் கிடைக்காது.

என் மனம் கலிபோர்னியாவைவிட வர்ஜீனியாவிடம்தான் சாய்கிறது. அங்கே கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 10 டாலர். அதன் விளைவு சாலையில் தெரிகிறது. 2007-இல் எடுக்கப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், சொந்தப் பதிவெண் வைத்திருக்கும் விகிதத்தில் வர்ஜீனியாதான் முதலிடம், சுமார் 16 சதவீதம். ஏறத்தாழ ஆறு வண்டிகளுக்கு ஒன்று. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் இது முடியும்போது பள்ளி ஆசிரியரும் குழாய் வேலை செய்பவரும் விளையாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆள் கூடக்கூட விளையாட்டின் தரமும் கூடுகிறது.

வர்ஜீனியாவில் இன்னொரு வளமும் இருக்கிறது. பின்னணி ஓவியமும் வாசகமும் கொண்ட சிறப்புப் பிளேட்கள் அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் ஒன்று குழந்தைகளின் கைத்தடங்கள் பதிந்தது, அடியில் ‘கிட்ஸ் ஃபர்ஸ்ட்’, பிள்ளைகளே முதலில், என்ற வாசகம். ஒருவர் அந்தப் பிளேட்டில் ‘ஈட் தி’ என்று ஆறு எழுத்துகளைக் கேட்டு வாங்கிவிட்டார். மேலிருந்து கீழே படித்தால் ‘முதலில் பிள்ளைகளைத் தின்னுங்கள்’. அரசு அச்சடித்த நல்லெண்ண வாசகத்தையே தன் வாக்கியத்தின் பின்பாதியாக மாற்றிய சாமர்த்தியம்! மாநிலம் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே காருக்குப் பதில் பிளேட்டே பாதிச் சொல்லைச் சுமக்கிறது. உரைகல்லைச் சற்று அகலப்படுத்தினால் இதுவும் தேறும், அதுவும் முதல் வகுப்பில்.

அமெரிக்க முறைக்கு ஆபத்துகளும் உண்டு. 1979-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் படகோட்டம் தொடர்பான இரண்டு சொற்களை எழுதிவிட்டு, அவை கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம் என்ற பொருளில் மூன்றாம் இடத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுதினார். அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பிளேட் இல்லாத வண்டிகளுக்குக் காவலர்கள் எழுதிய அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன, சுமார் 2,500 சீட்டுகள். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருக்கும் இதே கதைதான். தரவுத்தளத்தில் ‘மதிப்பு ஏதுமில்லை’ என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்ற நான்கு எழுத்துச் சொல்லைப் பதிவெண்ணாக எடுத்தார். பதிவெண் குறிக்கப்படாத அபராதங்கள் எல்லாம் அவர் கணக்கில் ஏறி 12,049 டாலரைத் தொட்டன. இரண்டு பேருமே குற்றம் எதுவும் செய்யவில்லை. ஒரு சொல்லை மனிதர் படிப்பதும் இயந்திரம் படிப்பதும் வேறு என்பதைத் தங்கள் பணத்தையும் நேரத்தையும் செலவழித்துக் காட்டியவர்கள்.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்ற வழக்குகளும் அங்கே நிறைய. ‘காவலர்கள் பொய் சொல்கிறார்கள்’ என்ற பிளேட்டுக்காக நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர் போராடி, 2014-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எல்லைக்கு வடக்கே கனடாவில் முடிவு வேறாக இருந்தது. மனிடோபாவில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் ரசிகர் ஒருவர், அதில் வரும் ‘போர்க்’ (Borg) என்ற இயந்திர மனிதக் கூட்டத்தாரின் முழக்கத்தை நினைத்து ‘எங்களில் கரைந்துவிடு’ என்ற பொருள் தரும் சொல்லை ஏழு இடத்தில் சுருக்கி மாட்டியிருந்தார். 2017-இல் அது பறிக்கப்பட்டது, 2019-இல் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடையாளம் அழித்த வரலாறு உள்ள நாட்டில் அந்தச் சொல் வேறு ஒரு காயத்தைத் தொட்டது. ரசிகரின் நோக்கம் தூய்மையானது, நம்புகிறேன். ஆனாலும் சாலையில் பின்னால் வருபவருக்கு நோக்கம் தெரியாது, சொல் மட்டும்தான் தெரியும். நீதிமன்றத்தின் பக்கமே நானும் நிற்கிறேன்.

பிரிட்டன்: இருப்பதில் தேடு

பிரிட்டனில் நினைத்ததை எழுத முடியாது. அரசு வகுத்த வடிவங்களுக்குள் விழும் எழுத்து, எண் வரிசைகளில் நமக்கு வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பழைய வடிவத்தில் முதலில் ஓர் எழுத்து, பிறகு எண், பிறகு மூன்று எழுத்துகள் வரும். எஸ், 1, வி-ஏ-என் என்று அதில் எழுதிப் பாருங்கள். 1 என்பதை ஐ என்று படித்தால் சிவன். அதையே ஓர் ஆங்கிலேயர் பார்த்தால் சரக்கு வேன் என்று படிப்பார். வி, 3, எல்-ஏ-என் என்று எழுதினால், 3 திரும்பி ஈ ஆகி, வேலன். எம், 4, ஆர்-ஏ-என் என்று எழுதி 4 என்பதை ஏ என்று படித்தால் மாறன். நம் பெயர்களுக்கு இந்த வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு இடம் கொடுக்கிறது. பஞ்சாபியர்கள் இதை முன்பே கண்டுகொண்டவர்கள். ‘சிங்’ என்று படிக்கும்படியான 51 என்-ஜி-எச் 2006 ஏலத்தில் 2,54,000 பவுண்டுக்குப் போனது.

அரசின் விற்பனை 1989-இல் தொடங்கியது. சாதாரண வரிசைகள் 250 பவுண்டிலிருந்து கிடைக்கும், மாட்டுவதற்கு 80 பவுண்டு கட்டணம். வண்டியை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை மாட்டக் கூடாது. எழுத்துகளின் இடைவெளியை மாற்றக் கூடாது. 1 என்பதை எழுத்தாகக் காட்ட, பிளேட்டின் கறுப்புத் திருகாணியைச் சரியான இடத்தில் முடுக்குகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், எண்ணே கைவிட்டுப் போகவும் கூடும்.

உரைகல்லில் தேறும் பிரிட்டிஷ் உதாரணம் ஒன்று மனத்தை விட்டு அகலாதது. 2014-இல் ‘25 ஓ’ என்ற எண்ணை, பழைய ஃபெராரிகளை விற்கும் ஒருவர் 5,18,480 பவுண்டுக்கு வாங்கினார். ஓ என்ற எழுத்தைச் சுழியமாகப் படித்தால் 250. அவர் அதை மாட்ட நினைத்தது ஃபெராரி 250 காரில். வேறு காரில் அதற்குப் பொருளே இல்லை. பணம் கோடிக்கணக்கில் என்றாலும் இது சிலேடைதான், தலைவணங்குகிறேன். 2008-இல் எடின்பரோவின் முதல் பதிவெண்ணான ‘எஸ் 1’ சுமார் 4 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனபோது, அதை ஒரு பழைய சிவப்பு ஸ்கோடாவில் மாட்டப் போவதாகச் செய்தி வந்தது. எனக்கு அந்த முடிவின் மேல் தனிப் பிரியம்.

ஆனால் இந்த முறையில் ஓர் உள்முரண் இருக்கிறது. அங்கே எண்ணைப் பிரித்தெடுத்துச் சான்றிதழாக வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதனால் விலை ஏற வேண்டும் என்று நினைப்பவர் எந்தக் காருக்கும் பொருந்தும் எண்ணையே தேடுவார். பெயர், முதலெழுத்து, ஒற்றை இலக்கம் ஆகியவைதான் சந்தையில் ஓடும். காரோடு ஒட்டிய சிலேடைக்கு மறுவிற்பனை இல்லை. அமெரிக்காவில் பிளேட்டை விற்று லாபம் பார்ப்பது அவ்வளவு வழக்கமில்லாததால், எழுதுபவருக்குப் பெரும்பாலும் சொல்லைத் தவிர வேறு கவலை இல்லை.

துபாயும் நம் ஊரும்

துபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023-இல் ‘பி 7’ 5.5 கோடி திர்ஹாமுக்குப் போய் உலகச் சாதனை ஆனது, பணம் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் திட்டத்துக்குச் சென்றது. நல்ல காரியம். எந்தக் காரில் மாட்டினாலும் 7 என்பது 7 தான். 2016-இல் ‘டி 5’ என்ற எண்ணை 3.3 கோடி திர்ஹாமுக்கு வாங்கிய இந்தியத் தொழிலதிபர் சொன்ன காரணம் மட்டும் நமக்குப் பரிச்சயமானது: டி நான்காவது எழுத்து, நான்கும் ஐந்தும் ஒன்பது.

அதே கூட்டுத்தொகைதான் நம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் ஆள்கிறது. எழுத்துகள் அரசு கொடுத்தவை, நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது நான்கு இலக்கம் மட்டுமே. அதற்குள்ளும் நம் மக்கள் எழுதிக் காட்டினார்கள். 8055 என்பதை ‘பாஸ்’ என்று படிக்க வைத்தார்கள். வட இந்தியாவில் 4141 என்பதை வளைத்து எழுதி ‘பாபா’, அதாவது அப்பா, ஆக்கினார்கள், 214 என்பதை ‘ராம்’ ஆக்கினார்கள். தமிழ் எண் குறிகளில் எட்டை ‘அ’ என்றும் கால் பங்கை ‘வ’ என்றும் படித்துத் திட்டிய தனிப்பாடல் நம்மிடம் இருக்கிறது, எண்ணை எழுத்தாக்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் வளைத்து எழுதுவது விதிமீறல். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயமான பிறகு, ஒரே அச்சில் புடைத்து வரும் இலக்கத்தை வளைக்கவும் வழியில்லை.

மிஞ்சியது ஏலம். 2025-இல் கொச்சியில் 0007 என்ற எண் சுமார் 46 லட்சம் ரூபாய்க்குப் போனது. மாட்டியது ஒரு லம்போர்கினி உருஸில். 007 உளவாளியின் கார் ஆஸ்டன் மார்ட்டின் என்பது ஊரறிந்தது. அவ்வளவு கொடுத்தும் காரும் எண்ணும் ஒன்றோடொன்று பேசவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆகவே ஒருவர் என்னிடம் எது மேல் என்று கேட்டால், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல ஓர் எண் வேண்டுமானால் பிரிட்டன் என்பேன், சொல்ல ஒரு சொல் இருந்தால் வர்ஜீனியா என்பேன். அந்தச் சொல்லுக்கு ஏற்ற கார் முதலில் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் தன் கடைசி பீட்டிலை 2019 ஜூலையில் மெக்சிகோவின் புவேப்லா ஆலையில் செய்து முடித்துவிட்டது. ‘ஃபீச்சர்’ என்று எழுத விரும்புகிறவர் இனிப் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த ஏழு கட்டங்களை நிரப்ப முடியும்.